தேன்சிட்டு அன்று, ஓசனிச்சிட்டு

ஆண்டீஸ் மலைத்தொடரில், பெரு, பொலிவியா நாடுகளின் உயர்நிலப் புல்வெளிகளில் வாழும் ‘ஓரியோட்ரோக்கிலஸ் எஸ்டெல்லா’ என்னும் பறவையை ‘மலைத் தேன்சிட்டு’ என்று எழுதும் வழக்கம் பெருகிவருகிறது. இனியும் அதைக் கண்டும் காணாமல் இருப்பதற்கில்லை. பேரினப் பெயர் கிரேக்கம்: ‘ஓரோஸ்’ என்றால் மலை, ‘ட்ரோக்கிலோஸ்’ என்றால் ஒரு சிறு பறவை. சொற்பிறப்பு அவ்வளவே.

தேன்சிட்டு என்பது நம் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் பறவையின் பெயர். எஸ்டெல்லா சேர்ந்த ட்ரோக்கிலிடே குடும்பமோ (ஆங்கிலத்தில் ‘ஹம்மிங்பேர்டு’) அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையில் இல்லை. அதன் நெருங்கிய உறவு உழவாரனே தவிர, தேன்சிட்டு அன்று. தேனுண்ணும் பறவையெல்லாம் தேன்சிட்டு என்றால், மீனுண்ணும் பறவையெல்லாம் மீன்கொத்தியாகிவிடும். எஸ்டெல்லா பெரும்பாலும் தேன்சிட்டைப் போலப் பூங்கொத்தைப் பற்றிக்கொண்டே தேன் பருகுகிறது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில் அந்தரத்தில் நிற்பதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகும் என்பதால் வந்த வழக்கம் அது. இரவுக் குளிரில் உடல்வெப்பத்தைத் தாழ்த்திப் பாறையிடுக்குகளில் மரத்துக்கிடப்பதும் அதே சிக்கனந்தான். பழக்கம் ஒத்திருப்பதாலேயே குலம் ஒன்றாகிவிடாது.

‘ஹில்ஸ்டார்’ என்னும் ஆங்கிலப் பெயரைப் பிட்டுப்பிட்டு ‘குன்று விண்மீன்’ என்பாரும் உளர். ஆனைமுடியே 2,695 மீட்டர்; அதனினும் மிக உயர்ந்த ஆண்டீஸைக் குன்றென்று சொல்ல, மொழிபெயர்ப்பாளருக்கு அகராதி மட்டும் போதும் போலும். பறவையைப் பார்க்கவே வேண்டாம்.

சிறகடித்தலைக் குறிக்கும் ‘ஓசனித்தல்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்த ‘ஓசனிச்சிட்டு’ நம்மிடம் இருக்கிறது. பேரினத்தை ‘மலை ஓசனிச்சிட்டு’ எனலாம். இனத்தைப் பிரிக்கத் தொண்டை நிறம் போதாது. எஸ்டெல்லா ஆணின் மின்னும் பச்சைத் தொண்டையும் அதன் கீழ் ஓடும் கருங்கோடும் இதே பேரினத்தின் மற்றொன்றான வெண்விலா இனத்துக்கும் உண்டு. வெள்ளை வயிற்றின் நடுவே இறங்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும்: வெண்விலா இனத்தில் அது கருநீலம், எஸ்டெல்லாவில் செம்பழுப்பு. ஆகவே, செவ்வரி நாரை என்று சொல்லிப் பழகிய நாம் இதைச் ‘செவ்வரி மலை ஓசனிச்சிட்டு’ எனத் தயங்காமல் வழங்கலாம். பெண்ணுக்கு அந்த வரி இல்லை. புள்ளியிட்ட வெளிர்தொண்டையும் மங்கிய சாம்பல் அடிப்பகுதியும் உடைய அதனைப் பெரும்பாலும் காணும் இடத்தை வைத்தும் உடனிருக்கும் ஆணை வைத்துமே இனங்காண வேண்டியிருக்கிறது.