'நிலையான எதிர்ப்பு' அல்ல, நிலைமின் கவசம்

இணையக் கடைகளில் ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, அவற்றைப் போட்டு அனுப்பும் உறை என்று தேடினால் 'நிலையான எதிர்ப்பு பை' கண்ணில் படாமல் இருக்காது. பக்கத்திலேயே நிலையான எதிர்ப்பு கையுறை, நிலையான எதிர்ப்பு விரிப்பு. ஓரிடத்தில் 'நிலையான எதிர்ப்பு மணிக்கட்டு பட்டா' என்றுகூட இருந்தது. மணிக்கட்டுக்கு எந்தத் தாசில்தார் பட்டா கொடுக்கிறாரோ! நிலையான எதிர்ப்பு என்றால் தமிழில் விடாப்பிடியாக எதிர்ப்பது. கூட்டணிக்கு மசியாத ஒரு கட்சியைப் பற்றிச் சொல்லலாம். பிளாஸ்டிக் உறைக்கு எதற்கு அது?

மூலச் சொல் ஆன்டி-ஸ்டேட்டிக். பொருள்கள் மேல் சேர்ந்து நிற்கும் மின்னூட்டம்தான் இங்கே ஸ்டேட்டிக். அது சில்லுகளை (சிப்) கெடுக்காமல் பார்த்துக்கொள்வது இந்த உறைகளின் வேலை. நிற்றலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து 'ஸ்டேட்டிக்' வந்தது. 'எலக்ட்ரான்' அதே கிரேக்கத்தில் அம்பரின் பெயர். தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதை வைத்து வில்லியம் கில்பர்ட் 1600-இல் லத்தீனில் ஆக்கிய சொல்தான் பின்னால் எலக்ட்ரிசிட்டி ஆயிற்று. நமக்கு மின்னு என்ற வினையிலிருந்து மின். நில் என்பதிலிருந்து நிலை. இரண்டையும் சேர்த்து 'நிலைமின்னியல்' என்று பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தின் முதல் பாடத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, நிலைமின் என்ற சொல் தயாராகவே இருக்கிறது.

பிறகு ஏன் இந்தக் கூத்து? ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் எலக்ட்ரிசிட்டியை விழுங்கிவிட்டு வெறும் 'ஸ்டேட்டிக்' என்கிறார்கள். கேட்பவருக்கு மீதி புரிந்துவிடும். மொழிபெயர்ப்பு எந்திரம் எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து 'நிலையான' என்று போட்டுவிடுகிறது. மின் காணாமல் போய், நிரந்தரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் விரல் நுனியிலிருந்து சில்லுக்குள் இறங்க ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. அதற்குப் போய் நிலையானது என்று பெயர்.

சரி, 'நிலையான' எந்திரத்தின் பிழை, தள்ளிவிடலாம். எனக்குப் பெரிய தகராறு 'எதிர்ப்பு' மீதுதான். ஏனென்றால் இது தெரிந்தவர்கள் எழுதும் தமிழிலும் இருக்கிறது. 'நிலைமின் எதிர்ப்புப் பை' என்று ஒற்றெல்லாம் சரியாகப் போட்டு எழுதுகிறார்கள். ஆன்டி என்று எங்கே கண்டாலும் எதிர்ப்பு என்று வைத்துவிடும் பழக்கம். தமிழ் அப்படி நடந்துகொள்கிற மொழியா? கொசுவுக்கு விரட்டி, விஷத்துக்கு முறிவு, துருவுக்குத் தடுப்பு, நோய்க்கு எதிர்ப்பு. அந்தப் பொருள் என்ன செய்கிறதோ அந்த வினையை எடுத்துச் சொல் ஆக்குவதுதான் நம் வழக்கம். கொசு எதிர்ப்புச் சுருள் என்று யாராவது கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

எனவே முதலில் இந்த உறைகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில் புழங்கினாலும் இவை ஒரே பொருள் அல்ல. இளஞ்சிவப்பு நிறத்தில், லேசாக வழவழப்பாக ஒன்று வரும். அதன் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ஒரு சேர்மம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மேற்பரப்பில் மெல்லிய படலமாக வைத்திருக்கும். அதனால் உரசினாலும் மின்னூட்டம் அதிகம் சேராது. அவ்வளவுதான் அதன் வேலை. வெளியிலிருந்து வரும் மின்பொறியை அது தடுக்காது. நாளாக ஆக அந்தச் சேர்மமும் தீர்ந்துபோகும். இன்னொன்று, சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில் பளபளப்பது. சென்னை ரிச்சி தெருவில் 'சில்வர் கவர்' என்றாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் அடுக்குகளுக்கு நடுவே மிக மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1836-இல் செய்து காட்டிய உலோகக் கூண்டின் தத்துவம்தான்: மின்னூட்டம் வெளிப்பக்கமாகவே பரவும், உள்ளே இருப்பது பிழைக்கும். வாயை மடித்து மூடினால்தான் கூண்டு முழுமையாகும். ஓட்டை விழுந்த சில்வர் கவரை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது அதனால்தான்.

முதலாவது மின்னூட்டம் உண்டாவதைத் தவிர்க்கிறது. அது நிலைமின் தவிர்ப்புப் பை. இரண்டாவது உள்ளே விடாமல் மறைக்கிறது. அதை நிலைமின் கவசப் பை என்பேன். கவசம் வடசொல், காப்பு என்று சொல்லலாமே என்று ஒரு கட்சி உண்டு. தூய்மைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மின்காப்பு என்றால் மின்சாரத்தைக் கடத்தாத பொருள், ஒயர் மேல் போர்த்தியிருக்கும் ரப்பர், என்று ஏற்கெனவே ஊன்றிவிட்டது. சில்வர் கவர் வேலை செய்வதே அதற்குள் கடத்துகிற உலோகம் இருப்பதால். அதைக் காப்பு என்றால் படிப்பவருக்கு நேர்மாறான பொருள் போய்ச் சேரும். தலைக்கவசம், முகக்கவசம் என்று தெருவில் போகிறவர் எல்லாம் சொல்கிற சொல்லை இனிமேல் வடக்கே அனுப்பிவைப்பது வீண் வேலை.

'உராய்வு மின்' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி உண்மை. பார்சலின் ஒட்டு டேப்பை உரிக்கும்போது உராய்வு எங்கே இருக்கிறது? ஒட்டியிருந்த இரண்டு பரப்புகள் பிரிவதாலேயே மின்னூட்டம் உண்டாகிறது. பக்கத்தில் மின்னூட்டமுள்ள தெர்மோகோல் துண்டு இருந்தாலே, தொடாமல் தூண்டலால் சில்லுகள் உள்ள போர்டு பாதிக்கப்படலாம். சாதாரண பபிள் ராப்பும் இந்த வகையில் மோசம்.

மணிக்கட்டுப் பட்டை விஷயம் இதைவிட வேடிக்கை. அது தவிர்ப்பதும் இல்லை, மறைப்பதும் இல்லை. உடம்பில் சேர்வதைத் தரைக்கு வடியவிடுகிறது. எர்த் பட்டை என்றால் போதும், எந்த மெக்கானிக்குக்கும் புரியும். அதன் கம்பியில் பொதுவாக 10 லட்சம் ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். தவறிப்போய்க் கை 230 வோல்ட்டில் பட்டாலும் அந்தக் கம்பி வழியே கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாது. அதாவது பட்டாவில் உண்மையிலேயே நிலையான ஒரு தடை இருக்கிறது. எந்திரம் குருட்டாம்போக்கில் சரியாக எழுதிய ஒரே இடம் இதுதான்.

பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டுகளைப் படித்தால் எந்திரத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சேர்ந்த மின்னூட்டம் சட்டென்று பாய்ந்து இறங்குவதை, ஆங்கிலத்தில் எலக்ட்ரோஸ்டேட்டிக் டிஸ்சார்ஜ், 'மின்னியல் வெளியேற்றம்' என்கிறார்கள். மின்னியல் ஒரு பாடம். அதை எங்கிருந்து வெளியேற்றுவது? நிலைமின்னிறக்கம் என்றால் முடிந்தது. 'கூறுகளை அகற்றும் முன் உங்களைத் தரையிறக்கவும்' என்று இன்னொன்று. உடம்பை எர்த் செய்துகொள்ளுங்கள் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். விமானியாக இருந்தால் செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு இதைச் சரிபார்த்த மனிதர் ஒருவர் எங்கேயோ இருக்கிறார் என்பதுதான் எரிச்சல். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு தமிழ்ச் சொல் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாசகர் கையில் பல ஆயிரம் ரூபாய் போர்டு இருக்கிறது. நிலைமின்னிறக்கம் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நம் தோலுக்கு ஒன்றுமே தெரியாது. 100 வோல்ட்டுக்கும் குறைவில் கெட்டுப்போகிற சில்லுகள் உண்டு. ஏசி அறையின் வறண்ட காற்றில் மின்னூட்டம் இன்னும் எளிதாகச் சேரும். சில்லு உடனே சாகாமல், அரைகுறையாக அடிபட்டு மாதங்கள் கழித்தும் சாகலாம்.

அந்தச் சீட்டில் இவ்வளவு எழுதினால் போதும்: பையைப் பிரிக்கும் முன் எர்த் ஆன கணினிப் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். போர்டை விளிம்பில் பிடியுங்கள். தங்கநிறத் தகடுகளில் விரல் படவேண்டாம். பொருத்தும்வரை நிலைமின் கவசப் பைக்குள்ளேயே இருக்கட்டும். போர்டைப் பையின் மேல் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள், ஷார்ட் ஆகலாம்.