நான்கு கிலோ நரம்பில் மூன்று கிலோ எங்கே போகிறது?

தூண்டில் நரம்புச் சுருளின் மேல் '0.25 மி.மீ., 4 கிலோ' என்று அச்சிட்டிருக்கும்: முதலாவது நரம்பின் விட்டம், இரண்டாவது அது தாங்கும் இழுவை. அதை நம்பி ரீலின் டிராக் திருகை (மீன் எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் திருகு) நன்றாக இறுக்கிவிட்டு, இரண்டு கிலோ விராலிடம் நரம்பைப் பறிகொடுப்பவர்கள் ஏராளம். நரம்பு மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி, அடுத்த முறை 0.35 வாங்குவார்கள். தடித்த நரம்பை வீசினால் தூரம் போகாது, இரை தண்ணீரில் இயல்பாக அசையாது, மீனும் வாய் வைக்கத் தயங்கும். பல சமயம் பழைய நரம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.

நான்கு கிலோ நரம்புக்கு டிராக்கை ஒரு கிலோவில் வைக்கச் சொல்வார்கள் அனுபவசாலிகள். பயத்தில் சொல்வதல்ல, அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குக்கு இரண்டு பக்கம். கரையில் இருக்கும்போதே நரம்பின் வலிமை ஒரு பக்கம் இறங்கிக்கொண்டு வருகிறது. மீன் ஓடத் தொடங்கியதும் டிராக்கில் வைத்த இழுவை மறுபக்கம் ஏறிக்கொண்டு போகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் நரம்பு அறுகிறது.

மீனின் எடை இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீன் கிட்டத்தட்ட எடையற்றது. அதன் உடலின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருக்கும், உள்ளே இருக்கும் காற்றுப்பை மிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். நரம்பு தாங்க வேண்டியது மீனின் வால் வீச்சையும் அதன் வேகத்தையும்தான்.

இறங்கும் வலிமை

முதல் இழப்பு தண்ணீரால். 1935-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நரம்பு நனையும்போது நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அந்தப் பிணைப்புகளில் சிலவற்றைத் தட்டிப் பறிக்கின்றன. நரம்பு மிருதுவாகும், முன்பைவிட நீளும், வலிமையில் 10 முதல் 15 சதவீதம் குறையும். 4 கிலோ 3.5 ஆகிவிட்டது. ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணீரை உறிஞ்சாது, அதில் இந்த இழப்பு இல்லை.

இரண்டாவது இழப்பு முடிச்சில். பெரும்பாலான நரம்புகள் போவது இங்கேதான். நேரான நரம்பை இழுத்தால் அதன் குறுக்குவெட்டு முழுவதும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். கூர்மையாக வளைந்த நரம்பில் வெளிவளைவுப் பகுதி ஏற்கெனவே இழுபட்டு விறைத்திருக்கும், உள்வளைவுப் பகுதி நசுங்கியிருக்கும். அதன் மேல் சுமை ஏறினால் வெளிப்பக்கம் தன் எல்லையை முதலில் தொடும். போதாததற்கு, முடிச்சின் ஒரு சுற்று இன்னொரு சுற்றை அழுத்தி வெட்டும். நரம்பின் நடுவில் தற்செயலாக விழும் சாதாரண ஒற்றை முடிச்சு, வலிமையில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். வீசும்போது காற்றில் அப்படி ஒன்று விழுந்திருப்பது தெரிந்தால் அவிழ்க்க மெனக்கெட வேண்டாம். அந்த இடத்தில் நரம்பு ஏற்கெனவே காயப்பட்டிருக்கும், வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

நல்ல முடிச்சு வளைவைப் பல சுற்றுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. யூனி முடிச்சை எடுத்துக்கொள்வோம். முள்ளின் காதுக்குள் நரம்பை நுழைத்து 15 செ.மீ. வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். நுனியை மடக்கி, பிரதான நரம்புக்கு இணையாகக் கொண்டுவந்து, மறுபடி முள் பக்கம் திருப்பினால் ஒரு வளையம் கிடைக்கும். அந்த வளையத்துக்குள் நுனியை விட்டு, இணையாக இருக்கும் இரண்டு நரம்புகளையும் சேர்த்து 5 சுற்று சுற்றுங்கள். எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து, நுனியை மெல்ல இழுத்தால் சுருள்கள் நெருங்கி வரும். பிறகு பிரதான நரம்பை இழுத்து முடிச்சைக் காது வரை நகர்த்தி இறுக்கி, நுனியில் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படுத்திருக்க வேண்டும். ஒரு சுற்று அடுத்ததைத் தாண்டிக் கிடந்தாலும் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுவதே நல்லது.

நனைக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. காய்ந்த நரம்பு தன்மேலேயே உரசிக்கொண்டு இறுகும்போது அந்த உரசலில் வெப்பம் பிறக்கிறது. தொடு பரப்போ மிகச் சிறியது, வெப்பம் வெளியேற நேரமும் இல்லை. நைலானின் மேற்பரப்பு அங்கே இளகிச் சிதைகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், உலர இறுக்கிய முடிச்சுக்கு மேலே நரம்பு பளபளப்பு மங்கி, மெலிதாகச் சுருண்டிருப்பது தெரியும். அந்தச் சுருட்டையைக் கண்டால் அந்த முடிச்சை நம்ப வேண்டாம்.

கவனமாகக் கட்டிய முடிச்சு 80 முதல் 95 சதவீத வலிமையைக் காப்பாற்றும். கரையில் நின்று ஈரக் கையோடு கட்டுவதற்கு 83 என்று வைத்துக்கொண்டால், 3.5 கிலோ 2.9 ஆகிறது.

மூன்றாவது தேய்மானம். கல், மரவேர், மீனின் பற்கள் எல்லாம் கடைசி ஒரு மீட்டரைத்தான் உரசும். வலிமை குறுக்குவெட்டின் பரப்பைப் பொறுத்தது, அதாவது விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 0.25 மி.மீ. நரம்பு 0.24 ஆகத் தேய்ந்தாலே 8 சதவீதம் போய்விடும். கண்ணுக்கு அது தெரியாது. கீறல் விழுந்திருந்தால் இழப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் அழுத்தம் முழுவதும் அந்தக் கீறலின் அடியில் போய்க் குவியும். நகத்துக்கும் விரலுக்கும் நடுவே கடைசி மீட்டரை இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பு நகத்தில் தட்டும். தட்டினால் அந்தத் துண்டை வெட்டிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் விட்டால் ஒரு நாரையின் காலையோ ஆமையின் கழுத்தையோ சுற்றி அறுத்துக்கொண்டே இருக்கும்.

2.9 இப்போது 2.7 கிலோ. நரம்பின் உண்மையான கையிருப்பு இவ்வளவுதான்.

ஏறும் இழுவை

ஸ்பின்னிங் ரீலில் நரம்பைச் சுற்றும்போது, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுழலாது, அதைச் சுற்றியிருக்கும் ரோட்டர்தான் சுழலும். ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-ல் காப்புரிமை பெற்ற நிலை-ஸ்பூல் ரீலின் அடிப்படை இதுதான். மீன் இழுக்கும்போது மட்டும் ஸ்பூல் சுழன்று நரம்பை விடும். எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டிராக்.

ஸ்பூலின் தலையில் இருக்கும் திருகைக் கழற்றினால் உள்ளே வாஷர்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்று அச்சோடு பிணைந்தது, அடுத்தது ஸ்பூலோடு பிணைந்தது, இவற்றுக்கு நடுவே கம்பளி ஃபெல்ட் அல்லது கார்பன் இழைத் தகடு. திருகை இறுக்கினால் ஒரு ஸ்பிரிங் இந்த அடுக்கை அழுத்துகிறது, அழுத்தம் கூடக்கூட உராய்வு கூடுகிறது. கட்டமைப்பு எளிது. ஆனால் திருகில் வைத்த இழுவை மூன்று இடங்களில் நமக்குத் தெரியாமல் பெருகிவிடுகிறது.

முதலாவது ராடின் (தூண்டில் கம்பின்) வளையங்கள். நரம்பு ஒரு பரப்பில் வளைந்து உரசிச் செல்லும்போது, ஒரு முனையில் உள்ள இழுவை மறுமுனையில் பெருகும். எவ்வளவு என்பதைக் காப்ஸ்டன் சமன்பாடு சொல்கிறது: உராய்வு எண்ணையும் திரும்பிய கோணத்தையும் (ரேடியனில்) பெருக்கி, அதை e-இன் (சுமார் 2.718) அடுக்காக வைக்க வேண்டும். உராய்வு எண் 0.15 என்று கொள்வோம். வளைந்த ராடில் நரம்பு மொத்தமாக 45 பாகை திரும்பினால் இழுவை 1.12 மடங்கு, 90 பாகை திரும்பினால் 1.27 மடங்கு, 135 பாகைக்கு 1.42 மடங்கு. வளையங்கள் எத்தனை என்பதில் ஒன்றுமில்லை, மொத்தக் கோணமே முக்கியம். மீன் ஓடும்போது ராடைச் செங்குத்தாகத் தூக்குவது நரம்புக்கும் கெடுதல், ராடின் நுனிக்கும் கெடுதல். வளையத்தின் உள்பீங்கானில் ஒரு விரிசல் இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது, அது கத்தி. பஞ்சை உள்ளே விட்டு இழுத்தால் விரிசல் இழையைப் பிடித்துக் காட்டிவிடும்.

இரண்டாவது ஸ்பூலின் ஆரம். வாஷர்கள் தருவது ஒரு திருப்புவிசை, அதை நரம்பு இருக்கும் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே நரம்பின் இழுவை. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஆரம் 22 மி.மீ. என்றால், மீன் 100 மீட்டர் கொண்டுபோனபின் அது 19 ஆகச் சுருங்கும். திருகை யாரும் தொடவில்லை, இழுவை மட்டும் 1.16 மடங்கு. பாதி மட்டுமே நரம்பு சுற்றிய ஸ்பூலில் இந்த ஏற்றம் வேகமாக வரும். விளிம்புக்குக் கீழே 2 மி.மீ. வரை ஸ்பூலை நிரப்பி வைப்பதற்கு, தூரம் வீசுவது போக இதுவும் காரணம்.

மூன்றாவது, அசையாமல் இருக்கும் வாஷரை அசைக்கத் தேவைப்படும் கூடுதல் விசை. நிலை உராய்வு பொதுவாக ஓட்ட உராய்வைவிட அதிகம். கனமான பீரோவை நகர்த்தும்போது முதல் தள்ளலுக்குத்தான் மூச்சு முட்டும், நகரத் தொடங்கியபின் எளிதாகப் போகும். டிராக்கிலும் அதே கதை. நல்ல கார்பன் வாஷரில் இந்த வித்தியாசம் சிறியது. காய்ந்துபோன ஃபெல்ட்டில் 25 சதவீதமோ அதற்கு மேலோ போகலாம். மீன் நின்று நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் இந்த முதல் அதிர்ச்சி நரம்பில் விழும்.

டிராக்கை ராடு வளையாமல் 1 கிலோவுக்கு வைத்திருந்தால், 1.27, 1.16, 1.25 மூன்றையும் பெருக்கி 1.84 கிலோ. கையிருப்பு 2.7. தாங்கும். 1.5 கிலோவுக்கு வைத்திருந்தால் 2.76. மீனின் உதறல் ஒன்றுகூடச் சேராத நிலையிலேயே நரம்பு எல்லையைத் தாண்டிவிட்டது. அட்டையில் 4 கிலோ என்றிருக்கும் நரம்பு 1.5 கிலோவில் அறுவது இப்படித்தான்.

காலடியில் ஏன் அறுகிறது

முப்பது மீட்டர் தொலைவில் சமாளித்த மீன், கரையோரம் வந்ததும் ஒரு திமிறலில் அறுத்துக்கொண்டு போகும். மீன் கடைசி மூச்சில் பலம் பெறுவதாகச் சொல்வார்கள். காரணம் நரம்பின் நீளத்தில் இருக்கிறது.

2 கிலோ மீன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 4 ஜூல். அதை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சராசரி விசை 4 நியூட்டன், ஏறக்குறைய 400 கிராம். பத்து சென்டிமீட்டரில் நிறுத்தினால் 40 நியூட்டன், ஏறக்குறைய 4 கிலோ. நைலான் 10 சதவீதம் நீள்வதாகக் கொண்டால் 30 மீட்டர் நரம்பு 3 மீட்டர் நீண்டு கொடுக்கும். காலடியில் மிச்சம் இருக்கும் 2 மீட்டர் நரம்பு 20 செ.மீ. மட்டுமே கொடுக்கும். ராடின் வளைவும் டிராக்கின் நழுவலுமே அப்போது காப்பாற்ற வேண்டும். மீன் கரையை நெருங்கும்போது டிராக்கைக் கால் சுற்று தளர்த்துங்கள், ராடைச் சாய்வாகப் பிடியுங்கள், வலையை முன்பே தண்ணீருக்குள் வைத்துவிட்டு மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள். நரம்பைப் பிடித்து மேலே தூக்கவே வேண்டாம். தண்ணீரைவிட்டு வெளியே வந்த கணத்தில் மீனின் முழு எடையும் திரும்பி வந்துவிடும்.

பின்னல் நரம்பு 3, 4 சதவீதத்துக்கு மேல் நீளாது. கடியைத் துல்லியமாகக் கையில் உணர்த்தும், அதிர்ச்சியை விழுங்காது. வழுக்கும் தன்மை கொண்டது என்பதால் யூனி முடிச்சில் 7, 8 சுற்று தேவை. வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் நரம்புச் சுருள் முழுவதும் ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டதாகத் தோன்றும். அடியில் சில மீட்டர் நைலானைச் சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

அளந்து வைப்பது

விரலால் இழுத்துப் பார்த்து வைப்பதில் பிழை அதிகம். நரம்பை எல்லா வளையங்களிலும் விட்டு, முனையை ஸ்பிரிங் தராசில் கட்டுங்கள். ராடை 45 பாகை சாய்வில் ஒருவர் பிடிக்க, மற்றவர் தராசைச் சீராக இழுக்க வேண்டும். ஸ்பூல் நழுவத் தொடங்கும் எண்ணையும், ஓடும்போது நிற்கும் எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். 4 கிலோ நரம்புக்கு ஓடும் எண் 1 முதல் 1.2 கிலோ இருந்தால் போதும். முதல் எண் அதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடினால் வாஷரைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஃபெல்ட்டுக்கு டிராக் கிரீஸ் மெலிதாகத் தேய்க்க வேண்டும். சாதாரண எண்ணெய் விட்டால் இழுவை நிலையில்லாமல் ஏறி இறங்கும்.

டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றவே கூடாது. நரம்பு உள்ளே வராது, ரோட்டர் மட்டும் சுழன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கை நரம்பில் ஏற்றும். 5:1 ரீலில் கைப்பிடியை இருபது முறை சுற்றினால் நூறு முறுக்கு. அடுத்த வீச்சில் நரம்பு கொத்தாகச் சிக்கிக்கொண்டு வெளியே வரும். ஏறிய முறுக்கை எடுக்க, முள்ளையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு வெறும் நரம்பை ஓடும் நீரில் 50 மீட்டர் விட்டு, சில நிமிடம் கழித்து விரல்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்தபடி சுற்றுங்கள்.

அப்படியும் அறுந்தால், அறுந்த நுனியே காரணத்தைச் சொல்லும். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவி அவிழ்ந்திருக்கிறது, சுற்று போதவில்லை அல்லது சரியாக இறுக்கவில்லை. சுருளில்லாமல் சட்டென்று வெட்டியதுபோல இருந்து, முள்ளோடு முடிச்சும் போயிருந்தால், முடிச்சின் வாயில் அறுந்திருக்கிறது. உலர இறுக்கியதோ டிராக் அதிகமோ காரணம். நுனிக்கு மேலே சில சென்டிமீட்டர் வரை வெளுத்துச் சொரசொரவென்று இருந்தால் கல்லிலோ வேரிலோ உரசியது. ஸ்பூலுக்கு அருகில், நடுவழியில் அறுந்திருந்தால் வெயிலில் நைந்த பழைய நைலான், முழுச் சுருளையும் மாற்றிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் டிராக் திருகை முழுவதும் தளர்த்தி வையுங்கள். வாரக்கணக்கில் அழுத்தத்திலேயே கிடந்த ஃபெல்ட் தட்டையாகி உலோகத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கிளம்பும் முன் திருகை மறுபடி இறுக்கும்போது, தராசையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.