தவளையின் குரல் தரவாகும் விதம்

மழை ஓய்ந்த இரவில் குட்டையோரம் போய் நின்றால் தவளைச் சத்தம் காதைத் துளைக்கும். டார்ச் அடித்துத் தேடினாலோ பெரும்பாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாது. தவளை தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சொன்னது பாம்பை நினைத்து. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 நவம்பரில் தொடங்கிய ‘ஃபிராக்ஐடி’ என்னும் மக்கள் அறிவியல் திட்டம், அதே வாயைத் துணைக்கொண்டு தவளைகளைக் காக்க முனைகிறது. அந்நாட்டில் 240-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன. அவை பரவிக் கிடக்கும் நிலப்பரப்போ ஒரு கண்டம். அத்தனை நீர்நிலைகளுக்கும் ஆய்வாளர்களே நேரில் போய்க் கணக்கெடுப்பது நடக்கிற காரியமல்ல. அதனால் பொதுமக்களே தவளைக் குரலைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புகிறார்கள்.

பெரும்பாலான இனங்களில் இணையை அழைக்கக் குரல் கொடுப்பது ஆண் தவளைதான். அது வாயையும் மூக்குத் துளைகளையும் மூடிக்கொண்டு, நுரையீரல் காற்றைக் குரல்வளை வழியாகத் தொண்டைக்குக் கீழே உள்ள குரல்பைக்குள் தள்ளுகிறது. பை உப்பி அதிர, ஒலி வெளியே பரவுகிறது. ஒலியின் அதிர்வெண், ஓர் அழைப்பின் நீளம், அதற்குள் அடங்கும் துடிப்புகளின் வேகம் ஆகியவை இனத்துக்கு இனம் மாறுபடுகின்றன. பெண் தவளை தன் இனத்து ஆணைத் தேடிக் கண்டடைவது இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் என்பதால், நிறத்தையும் அளவையும்விடக் குரல் பல நேரங்களில் நம்பகமான அடையாளமாக இருக்கிறது.

கைப்பேசியின் ஒலிவாங்கி மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. பெரும்பாலான தவளைகளின் அழைப்பு சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அடங்கிவிடுவதால், வேறு கருவி எதுவும் இல்லாமல் அதே ஒலிவாங்கி அதைப் பதிந்துகொள்கிறது. திட்டத்தின் கைப்பேசிச் செயலியைத் திறந்து 20 முதல் 60 நொடிகள் வரை பதிவு செய்தால் போதும். நாள், நேரம், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அந்த இடக்குறிப்பு எவ்வளவு துல்லியமானது என்ற மதிப்பீடு ஆகிய எல்லாம் தாமாகவே அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சிக்னல் இல்லாத காட்டில் பதிந்ததை ஊருக்குத் திரும்பிய பிறகும் அனுப்பலாம்.

அனுப்பிய ஒலியை அருங்காட்சியகத்தின் தவளை வல்லுநர்கள் காதால் கேட்டு இனத்தை உறுதி செய்கிறார்கள். ஒரே பதிவில் மூன்று நான்கு இனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தும். இடையே சில்வண்டும் லாரியும் குறுக்கிடும். இந்தப் பொறுமையான வேலையே திட்டத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. பத்து லட்சத்தைத் தாண்டிவிட்ட இப்பதிவுகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூல ஒலி பத்திரமாக இருக்கிறது. ‘இன்ன தவளையைக் கேட்டேன்’ என்று நோட்டில் எழுதிய குறிப்பைப் பிறகு யாரும் சோதிக்க முடியாது. ஒலியை எத்தனை ஆண்டு கழித்தும் மறுபடி கேட்கலாம்.

அதன் பயன் 2021-இல் வெளிப்பட்டது. கிழக்கு ஆஸ்திரேலியாவில் லிட்டோரியா டென்டேட்டா என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டுவந்த மரத்தவளை உண்மையில் மூன்று இனங்கள் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அழைப்பின் நீளத்திலும் துடிப்பு வேகத்திலும்தான் சிறு வேறுபாடுகள் உண்டு. மரபணுச் சோதனை பிரிவை உறுதிப்படுத்தியது என்றால், எந்தக் குரல் எந்தப் பகுதியில் முடிந்து எந்தக் குரல் தொடங்குகிறது என்ற எல்லையை வரைய உதவியவை பொதுமக்கள் தங்கள் வீட்டுப் பக்கத்தில் பதிந்து அனுப்பிய ஒலிகள்.

2019-20 கோடையின் பெருங்காட்டுத் தீக்குப் பிறகும், எரிந்த பகுதிகளிலிருந்து மக்கள் அனுப்பிய பதிவுகளில் 45 தவளை இனங்களின் குரல் கேட்டது. ஆனால் குரல் கேட்டது என்றால் அந்த இனம் உடனே அழிந்துவிடவில்லை என்றுதான் பொருள். எத்தனை தவளைகள் மிஞ்சின என்பதை அது சொல்லாது. குரல் கேட்காததும் தவளை இல்லை என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் மழையும் வெப்பமும் தோதாக அமையாத இரவில் ஆண் தவளை வாய் திறப்பதில்லை. பதிவுகள் சாலையோரத்திலும் நகரைச் சுற்றியும் குவிகின்றன. உரக்கக் கத்தும் இனங்களின் பங்கும் மிகுந்துவிடுகிறது. தரவைப் பயன்படுத்துவோர் இந்தச் சாய்வுகளைக் கணக்கில் கொண்டே முடிவுக்கு வர வேண்டும்.

அழியும் நிலையிலுள்ள இனங்களின் துல்லியமான இருப்பிடம் பொதுவெளியில் காட்டப்படுவதில்லை. தவளையைக் கையால் தொடவோ கல்லைப் புரட்டித் தேடவோ வேண்டாம் என்றும் பங்கேற்பாளர்களிடம் சொல்லப்படுகிறது. தவளையின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தையே நிறுத்திவிடும் கைட்ரிட் பூஞ்சை ஈரக் கைகளிலும் சேறு படிந்த காலணிகளிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடக்கூடும். ஒலிப்பதிவுக்கோ கரையில் சற்றுத் தள்ளி, பேசாமல், கைப்பேசியைச் சத்தம் வரும் பக்கம் நீட்டியபடி நின்றாலே போதுமானது.