"வலியே இல்லையே டாக்டர்!"

அந்தப் பாட்டிக்கு 70 வயதுக்கு மேல் இருக்கும். இளம் வயதில் அடுப்படியில் சேலை தீப்பற்றி, முழங்காலுக்குப் பின்னால் வெந்த தழும்பு. அதில் ஒரு புண் வந்து ஒன்றரை வருடமாகிறது. மஞ்சள் வைத்தார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள், மருந்துக்கடையில் கேட்டு ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டார்கள். கடைசியில் வாடை தாங்காமல்தான் மருமகள் என்னிடம் அழைத்து வந்தார். "வலியே இல்லையே டாக்டர், இதைப் போய் ஏன் பெரிசு பண்றீங்க?" என்றார் பாட்டி.

கட்டைப் பிரித்ததும் நான் பார்த்தது விளிம்பைத்தான். ஆறுகிற புண்ணின் விளிம்பு சரிந்து உள்நோக்கி வளரும். இதுவோ காலிஃபிளவர் மாதிரி புடைத்து, வெளிப்பக்கம் மடிந்திருந்தது. பஞ்சு பட்டாலே ரத்தம். பழைய தழும்பில் வரும் தோல் புற்றுநோய் இது; மார்ஜோலின் புண் என்போம். 1828-ல் தழும்பில் வரும் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. தீக்காயத்துக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் நடுவே சராசரியாக 30 வருடம் ஓடிவிடும், அதனால் பழைய காயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தழும்புத் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு. உடைவதும் மூடுவதுமாகவே காலம் தள்ளும் அந்தத் தோலில் ஏதோ ஒரு கட்டத்தில் செல்கள் தடம் மாறிவிடுகின்றன.

விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு (சதைப் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும் என்றேன். நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே" என்றார் மகன். கத்தி படாமலேயே தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. முதல் சில மாதங்களில் வந்திருந்தால் புண்ணை வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டியிருக்கலாம். இப்போது முழங்காலுக்கு மேலே காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

தோல் புற்றுநோயில் இன்னொரு வகையான மெலனோமா நம் ஊரில் அபூர்வம்தான். ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் கறுப்பாக வரும். அதை ஆணி என்று நினைத்து கார்ன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மில்லிமீட்டர் கணக்கில் அது ஆழம் இறங்க இறங்க ஆபத்து ஏறும். மூக்கோரம் மரு போல வருவது வேறு வகைத் தோல் புற்றுநோய். உடம்புக்குள் அனேகமாகப் பரவாது, ஆனால் விட்டுவிட்டால் மூக்கையும் கண்ணையும் அரிக்கும்.

"இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்?" என்கிறார்கள். எனக்கு இதில் எரிச்சல்தான் வரும். சிகிச்சை செய்யாத புண்ணும் சும்மா இருப்பதில்லை: நாற்றம், ரத்தக் கசிவு, சில சமயம் புழு. சிறியதாக இருக்கும்போது மரத்துப்போகும் ஊசி போட்டே எடுத்துவிடலாம், மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கும் உடம்பு தாங்காதவர்களில் பலருக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கலாம். நான்கு வாரத்தில் ஆறாத புண்ணை வயது பார்க்காமல் காட்டிவிடுங்கள்.

பாட்டி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். போன மாதம் அதே மருமகள் தன் அப்பாவைக் கூட்டி வந்து, "உள்ளங்காலில் ஏதோ கறுப்பா இருக்கு" என்றார். சுரண்டிப் பார்த்தேன். வெறும் ஆணிதான்.