சரணாலயம்: சொல்லும் அதன் தமிழும்

மார்கழி, தை மாதங்களில் வேலூர், ஆற்காடு, காவேரிப்பாக்கம் வட்டாரத்து ஏரி ஒன்றில் நாரைகளும் வாத்துகளும் கூட்டமாக இறங்கிவிட்டால், 'எங்கள் ஏரியே சரணாலயம் ஆகிவிட்டது' என்று ஊரார் பெருமையாகச் சொல்வதுண்டு. பேச்சுக்கு அது பொருந்தும். சட்டத்தில் அச்சொல்லின் பொருள் வேறு: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அறிவிக்கை வெளியிட்டு எல்லை வகுத்த இடமே சரணாலயம். ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்கு அனுமதி பெற்று உள்ளே செல்ல அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆகவே பார்வையாளர் வருவது சரணாலயத்தின் இலக்கணத்துக்கு முரணானதன்று.

சொல்லுக்கு வருவோம். 'சரணம்', 'ஆலயம்' என்னும் இரு வடசொற்களின் புணர்ச்சி இது. வடமொழியில் அடைக்கலத்தைக் குறிக்கும் சொல்லும் பாதத்தைக் குறிக்கும் சொல்லும் முதல் ஒலியில் வேறுபட்டவை. தமிழில் இரண்டும் 'சரணம்' என்றே எழுதப்படுவதால், சரணடைவது என்றாலே காலில் விழுவது என்னும் எண்ணம் நம்மிடம் நிலைத்துவிட்டது. இங்கு உள்ளது அடைக்கலப் பொருளே. 'ஆலயம்' என்பதற்கும் உறைவிடம் என்பதுதான் மூலப்பொருள். பனியின் உறைவிடம் இமாலயம் ஆனது அவ்வழியே. தமிழில் அது கோயில் என்று சுருங்கியதால், சரணாலயம் என்னும்போது ஒரு புனிதச் சாயலும் உடன் வந்துவிடுகிறது. இதற்கு ஈடான 'சாங்சுவரி' என்னும் ஆங்கிலச் சொல்லும் இலத்தீனில் புனிதத் தலத்தைக் குறித்தது. தேவாலயத்துக்குள் புகுந்த குற்றவாளியைப் பிடிக்கலாகாது என்ற பழைய ஐரோப்பிய வழக்கத்தால் அடைக்கலப் பொருள் பெற்று, பின்னரே விலங்கு, பறவைகளுக்கு ஆகிவந்தது. அவ்வகையில் மொழிபெயர்த்தவர் கெட்டிக்காரர்தான்.

தமிழில் ஈடு தேடும்போது 'காப்பகம்', 'அடைக்கலம்', 'புகலிடம்' ஆகிய மூன்றும் முன்வருகின்றன. காப்பகம் என்பதைப் புலிகள் காப்பகம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. சட்டத்தில் அது தனி வகை என்பதால் கலப்பது குழப்பம் தரும். குழந்தைகள் காப்பகம், முதியோர் காப்பகம் என்ற வழக்கோ, பிறர் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தையே நினைவூட்டுகிறது. அடைக்கலம் என்பதிலும் ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்கும் பொருள் உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் சிலப்பதிகாரப் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். பறவைகளை யாரும் ஒப்படைப்பதில்லை. 'புகு' என்னும் வினையிலிருந்து பிறந்த புகலிடமே தானாக வந்து சேரும் உயிருக்குப் பொருந்துகிறது. ஏதிலியர் (அகதிகள்) பற்றிய செய்திகளில் அது மிகுதியாக வழங்குவது குறையாகாது.

இடம்பெயர்ந்து வரும் பறவைக்கு 'வலசைப் பறவை' என்பது நல்ல சொல். வலசை என்பது முதலில் மக்கள் ஊரைவிட்டுக் கூட்டமாகப் பெயர்வதைக் குறித்தது. ஆந்திர எல்லையை ஒட்டிய குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுவோருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அம்மொழியிலும் 'வலச' என்றால் அதுவே.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. அப்பெயரில் உள்ள 'தாங்கல்' சிறு பாசன ஏரியைக் குறிக்கும். பழைய வட ஆற்காட்டிலும் அவ்வாறு முடியும் ஊர்கள் பல. வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாவும், மூடிய அலகிலும் இடைவெளி தெரியும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்து உரமேறிய நீர் வயலுக்குப் பாய்வதால், ஊரார் அப்பறவைகளை வேட்டையாட விடாமல் காத்துவந்தனர். சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது புகலிடமாக இருந்திருக்கிறது.

அறிவிக்கை பெற்ற பெயர்களில் 'சரணாலயம்' இருந்துவிட்டுப் போகட்டும். அறிவிக்கை இல்லாத நம் ஏரிகளைப் பற்றி எழுதும்போது 'வலசைப் பறவைகளின் புகலிடம்' என்பதே பொருளிலும் சட்டத்திலும் பிழையற்றது.