தடித்த எழுத்து தலைப்பு ஆகிவிடாது

எங்கள் பெங்களூர் குடியிருப்புச் சங்கத்தின் விதிமுறைகளை வேர்டில் தட்டச்சு செய்து முடித்தபோது 38 பக்கம் வந்தது. தலைப்பு வரிகளை எல்லாம் பெரிதாக்கி, தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றாம் மாடி நண்பருக்கும் அனுப்பினேன். ஆம்பூர்க்காரர், பார்வையற்றவர், கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் எல்லா வேலையும் செய்கிறார். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "கார் நிறுத்துற விதி எங்க சார் இருக்கு? இதுல ஒரு தலைப்புகூட இல்லையே!"

நான் போட்ட தலைப்புகள் எங்கே போயின? வேர்ட் கோப்பின் உள்ளே ஒவ்வொரு பத்தியோடும் அது எந்த வகை என்ற குறிப்பு இருக்கிறது. என் தலைப்பு வரிகளுக்கு அங்கே இருந்தது 'சாதாரணப் பத்தி, தடித்த எழுத்து, அளவு 16' என்பது மட்டும்தான். தலைப்பு என்று ஊகித்துக்கொண்டது நம் கண். அதே வரியைத் தேர்ந்தெடுத்து, ஸ்டைல் பட்டியலில் 'ஹெடிங் 1' என்று கொடுத்தால் (கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும்) 'இது முதல் நிலைத் தலைப்பு' என்ற தகவல் கோப்பிலேயே பதிவாகிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கண் ஒரு பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்து, வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒலி ஒரு வரிக்குப் பின் ஒரு வரியாகத்தான் வரும். தலைப்புகள் பதிவாகியிருந்தால் மட்டும் காதும் தாவ முடியும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் என்விடிஏ. அதன் உலாவல் முறையில் (விசைகள் எழுத்தாகப் பதியாமல், கோப்புக்குள் நகர உதவும் முறை) எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். 1ஐ அழுத்தினால் அடுத்த முதல் நிலைத் தலைப்பு, 2ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலை. நீளமான இணையப் பக்கங்களில் தகவல் தேடவும் இதுதான் வழி. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2024இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் முதலில் தலைப்புகள் வழியாகத்தான் தேடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, தலைப்பு என்று மட்டும் சொன்னால் போதாதா, நிலை எதற்கு? பெங்களூர் ஜெயநகரில் ஆட்டோக்காரரிடம் பிளாக்கைச் சொல்லாமல் கிராஸ் (குறுக்குத் தெரு) எண்ணை மட்டும் சொல்லிப் பாருங்கள். கிராஸ் எண் எந்தப் பிளாக்குக்குள் வருகிறது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. எங்கள் விதிமுறையிலும் 'கட்டணம்' என்ற தலைப்பு நான்கு இடங்களில் வருகிறது. வாகன நிறுத்தத்துக்குக் கீழே வருவது ஒன்று, விழாக் கூடத்துக்குக் கீழே வருவது இன்னொன்று. 'வாகன நிறுத்தம்' முதல் நிலை, 'கட்டணம்' இரண்டாம் நிலை என்று இருந்தால்தான் எது எதற்குள் அடங்கும் என்பது கேட்பவருக்குப் பிடிபடும். ஒன்றிலிருந்து நேரே மூன்றாம் நிலைக்குக் குதித்தால், நடுவில் எதையோ தவறவிட்டோமோ என்று அவர் திரும்பிப் போய்த் தேட நேரும்.

நிலை என்பது பெயரில் இல்லை, இடத்தில் இருக்கிறது. திருக்குறளில் பாலுக்குள் இயல், இயலுக்குள் அதிகாரம். தொல்காப்பியத்திலோ அதிகாரம்தான் பெரியது. மூன்று அதிகாரங்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்பது இயல்கள். எழுத்தின் அளவிலும் நிலை இல்லை. 'ஹெடிங் 3' பார்க்க அழகாக இருக்கிறது என்று முதல் தலைப்புக்கே அதைப் போடுகிறவர்கள் நிறைய. வேண்டாம். நிலையைச் சரியாகக் கொடுத்துவிட்டு, அந்த ஸ்டைலின் எழுத்துருவையும் அளவையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நிலையில் உள்ள எல்லாத் தலைப்பும் ஒரே நொடியில் மாறும்.

பொருளடக்கத்தையும் இந்தக் குறிப்புகளை வைத்து வேர்டே தயாரித்துவிடும், பக்க எண்ணோடு. அப்புறம் பிடிஎஃப் ஆக்கும்போது ஒரு கவனம்: அச்சிடும் வழியில் ஆக்கினால் இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். 'சேவ் ஆஸ்' வழியில் போய், இந்தக் குறிப்புகளை பிடிஎஃப்பிலும் பதிக்கிற அணுகல் குறிச்சொற்களைச் சேர்க்கும் தேர்வை நீக்காமல் சேமிக்க வேண்டும்.

விதிமுறை முழுவதையும் திருத்த எனக்கு ஒரு மாலை ஆனது. நண்பர் என் எதிரிலேயே திறந்தார். 1ஐ ஐந்து முறை, 2ஐ ஒரு முறை தட்டினார். வாகன நிறுத்தக் கட்டணம் கேட்டது.