வியாக்கியானம்: உரையா, பொருள்கோடலா, பயனா?

"சும்மா வியாக்கியானம் சொல்லாமல் விசயத்துக்கு வா" என்று வன்னியில் ஒருவர் சொன்னால், மற்றவர் சுற்றி வளைத்துக் கதைக்கிறார் என்று அர்த்தம். பழைய நூல்களுக்குச் சொல்லும் விளக்கத்தைக் குறிக்கும் ஒரு நல்ல சொல் இப்படித் தேய்ந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்குப் பதிலாக எந்தச் சொல்லை எழுதலாம்?

வியாக்கியானம் வடசொல். வி, ஆ என்ற இரண்டு முன்னொட்டுகளும் 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய வேரும் சேர்ந்தது. விரித்துச் சொல்லுதல், அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் உரை. உரைத்தல் என்றால் சொல்லுதல்; தேய்த்தல் என்றும் பொருள் உண்டு. பொன்னைத் தேய்த்து மாற்றுப் பார்க்கும் கல்லை உரைகல் என்கிறோம். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய நூலோடு இருக்கிறவருக்கு இரண்டு பொருளும் வேண்டும்: தேய்த்துச் சோதிக்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும்.

உரைக்கு வேண்டியவை பதினான்கு என்கிறது நன்னூல். அதில் முதலாவது பாடம், அதாவது மூலத்தில் இருக்கிற சரியான எழுத்தும் சொல்லும். கருத்து, சொற்பொருள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். எந்த எழுத்து என்று துணியாமல் பொருளுக்குப் போக முடியாது.

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை எடுத்துக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தது, 12 சூத்திரங்கள்தான். முதல் சூத்திரம் "அந்தம் ஆதி என்மனார் புலவர்" என்று முடிகிறது. அகராதியைத் திறந்தால் அந்தம் முடிவு, ஆதி தொடக்கம். முடிவு எப்படித் தொடக்கமாகும்? உலகத்தை ஒடுக்குகிற கடவுளே அது மறுபடி தோன்றுவதற்கும் முதல் என்று உரை சொன்ன பிறகுதான் அந்த இரண்டு சொல்லும் பேசத் தொடங்குகின்றன. 1785இல் மறைந்த சிவஞான முனிவர் இந்தச் சிறு நூலுக்குச் சிற்றுரை ஒன்றும், மாபாடியம் என்ற பேருரை ஒன்றும் எழுதினார். பாடியம் என்பது பாஷ்யத்தின் தமிழ் வடிவம்.

இலங்கைச் சட்டங்களைத் தமிழில் படித்தவர்களுக்குப் 'பொருள்கோடல்' பழக்கமான சொல். கோடல் என்றால் கொள்ளுதல். சட்டத்துக்கு மட்டும் அதை விட்டுவிட வேண்டாம். எழுதிவைத்த விளக்கம் உரை. படிக்கிறவர் மனத்தில் நடப்பது பொருள்கோடல். இந்த வேறுபாட்டை வியாக்கியானம் என்ற ஒற்றைச் சொல் காட்டாது.

அப்புறம், எங்கள் ஊர்க் கோயிலில் கேட்டு வளர்ந்த சொல் ஒன்று இருக்கிறது. கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் இராகத்தோடு பாட்டை வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைப் பிரித்து விளக்குவார். அதற்குப் பெயர் பயன் சொல்லுதல். "இண்டைக்கு ஆர் பயன் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பு கோயிலுக்கு வெளிக்கிடுவார். நல்லாகப் பயன் சொல்கிறவர் என்றால் விளக்கு மங்கும்வரை இருப்பார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களும் ஆணவம், கன்மம், மாயை என்று சைவ சித்தாந்தம் கதைக்கக் கற்றது அந்தத் திண்ணையில்தான். வாயால் சொல்லும் விளக்கத்துக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

வைணவ நூல்களைப் பற்றி எழுதும்போது மட்டும் வியாக்கியானம் என்றே எழுதுங்கள். ஆழ்வார்களின் பாசுரங்களுக்கு உரை எழுதிய பெரியவாச்சான் பிள்ளையை 'வியாக்கியானச் சக்கரவர்த்தி' என்று போற்றுகிற மரபு அது. அங்கே அந்தச் சொல் இன்னும் தேயவில்லை.